சீனன்குடாவில் இன்னொரு தாங்கி

2022 இல் பெற்றோல் செட்டு வரிசை தெருமுனை தாண்டியபோது, குடும்ப ஜீப்புக்கு மேலதிகமாக ஒரு தாங்கி பூட்டும் ஆசை யாருக்கும் வரலாம். ஆனால் ஓகஸ்டில் நாடெங்கும் வந்த கியூ.ஆர். முறை தாங்கிகளை எண்ணவில்லை, வாகன இலக்கத்தைத்தான் பார்த்தது. காருக்கு வாரம் 20 லீற்றர். இரண்டாம் தாங்கிக்குக் காற்று.

திருகோணமலைக்கு வெறும் தாங்கி புதிதா என்ன?

சீனன்குடாக் காட்டில் வெள்ளைக்காரன் விட்டுப்போன 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன, பெரும்பாலானவை வெறுமை. ஒன்றின் கொள்ளளவு சுமார் 12,000 கிலோலீற்றர். நிரப்பிவிட்டால் ஒரு காரின் வாரப் பங்குக்கு 11,500 வருடம் காணும். (ஜீப்புக்கு ஆயுள் போதாது.)

அந்த 2022 ஜனவரியில்தான் இந்தியன் ஒயிலுக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டுக் கம்பனிக்கு 61 என்று பங்கு பிரித்தார்கள். கூட்டிப் பார்த்தால் சரியாக 99 வருகிறது. எண்ணெய்தான் வரவில்லை.