மருத்துவமனை வானொலித் தொண்டர் இயல்

இருப்பவர் நடப்பவர் எனஇரு திறத்தர்
மருத்துவ மனைதொறும் வானொலித் தொண்டர்.

உரை: இடம் பிரிட்டன். காலம், யார்க் கவுண்டி மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஒலிபரப்பு தொடங்கிய 1925 முதல் இன்றுவரை. சம்பளம் இல்லை என்பது இரு திறத்தார்க்கும் பொது.

இருப்பவராவார் ஸ்டூடியோவில் மைக்கின் முன் இருப்பவர். இவர் மூவகையர். முதலாமவர் ஏணி இனம். பிபிசிக்குப் போகும் வழியில் இங்கே இளைப்பாறுபவர். பழிப்பதற்கில்லை, பிபிசி ரேடியோ 2-இல் பல்லாண்டு கோலோச்சிய கென் புரூஸும் கிளாஸ்கோவில் இப்படித் தொடங்கியவர்தான். அடுத்தவர் இசைத்தட்டு இனம். சேர்த்து வைத்ததைப் போட்டுக்காட்ட வீட்டில் ஆள் கிடையாது. கேட்பவர் எழுந்து போக முடியாத இடம் இவருக்குத் தோது. மூன்றாமவர் ஒயர் இனம். வாய் திறவார். இவர் ஒருநாள் வராவிட்டால் மற்ற இருவரும் சுவரோடு பேச வேண்டியதுதான்.

இனி நடப்பவர். குற்றப் பின்னணிச் சோதனையில் தேறி, கைக்கடிகாரத்தைக் கழற்றி, முழங்கைவரை சட்டையை மடித்து, கை கழுவி, விருப்பச் சீட்டுக் கத்தையோடு வார்டுக்குள் நுழைபவர். கட்டிலில் உட்காரலாகாது. என்ன நோய் என்று கேட்கலாகாது. கேட்கத்தக்கது ஒன்றே: “என்ன பாட்டு போடட்டும்?”

“எனக்கொன்றும் வேண்டாம்” என்பார் கிழவி. சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் விட்டுவந்த நாய்க்கு யார் சோறு வைக்கிறார்களோ என்று ஆரம்பிப்பார். கால்மணி நேரம் கழித்து, “சரி, எதையாவது போடு” என்பார். சீட்டில் நாயின் பெயர் இருக்கும். பாட்டின் பெயர் இராது. நேயர் விருப்பத்தில் தலையாயது இதுவே என்பது நம் துணிபு. தனக்குக் கேட்பது, நர்சுக்குக் கேட்பது, எதிர்க்கட்டில் குறட்டைக்காரருக்குக் கேட்பது என ஏனையவற்றை விரிப்பின் பெருகும்.

சாவு வரும் பாட்டு விலக்கு. ‘ஸ்டேயிங் அலைவ்’ (உயிரோடிருத்தல்) என்னும் பாட்டோ இருபுறமும் வரும். நின்றுபோன இதயத்தை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தப் பழக்குவோர், தாளத்துக்கு அதையே கைக்கொள்வர். வார்டில் அது வாழ்த்தா எச்சரிக்கையா என்பதில் உரையாசிரியர் ஒருமைப்படார்.

கைப்பேசியில் எல்லாப் பாட்டும் கிடைக்க இவர்கள் எதற்கு என்பர் ஒரு சாரார். அது இருப்பவர்மேல் செல்லும், நடப்பவரைத் தீண்டாது. 2020-இல் கொரோனா வார்டுக் கதவை அடைத்தபோது இருப்பவர் பலர் வீட்டிலிருந்தே ஒலிபரப்பினர். நடப்பவர்க்கு அப்படியொரு மாற்று வாய்க்கவில்லை.

ஆகவே இரு திறத்துள் நடப்பவரே தலை. தொண்டு செய்ய வருபவர் பெரும்பாலும் மைக்கைத்தான் கேட்கிறார். பல நிலையங்கள் அவர் கையில் முதலில் கொடுப்பது சீட்டுக் கத்தையை.