கேளுங்கள், சொல்கிறோம்!

கேள்வி: வெளிநாட்டுக்கு மிஷன் ஊழியத்துக்குப் போகிறான் என் தம்பி. இட்லிப் பொடியும் குக்கரும் இல்லாமல் கிளம்ப மாட்டானாம். இவனெல்லாம் எங்கே சௌகரியத்தை விட்டு வெளியே வரப்போகிறான்?
- ஒரு வாசகி, காரமடை

பதில்: பொடி கொண்டுபோவது பாவமில்லை, அம்மணி! விடவேண்டிய சௌகரியம் வேறு. அயர்லாந்தில் பிறந்த மிஷனரி கால்டுவெல் 1838-ல் சென்னையில் வந்து இறங்கினார். வெள்ளைக்காரர்கள் பல்லக்கில் போன காலம் அது. அவரோ 1841-ல் தஞ்சாவூர், நீலகிரி என்று சுற்றிக்கொண்டு, நெல்லைச் சீமை இடையன்குடிக்கு நடந்தே போனார். போதிக்க வந்தவர் மக்களின் மொழிக்கு மாணவராக உட்கார்ந்ததன் பலன், 1856-ல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்.

அப்பேர்ப்பட்டவரே 1849-ல் நாடார் சமூகத்தைத் தாழ்வாகக் காட்டி எழுதிய புத்தகம், அந்த மக்களைக் கொதிக்க வைத்தது. பல்லக்கை விட்டவருக்கும் 'நான் ஒரு படி மேல்' என்ற நாற்காலியை விட மனம் வரவில்லை. சௌகரியங்களிலேயே சொகுசானது அதுதான்.

ஆகவே தம்பியிடம் சொல்லுங்கள்: முதல் வருடம் பிரசங்கம் குறைவாக இருக்கட்டும், அந்த ஊர்ப் பாட்டிகளிடம் தாராளமாகத் திட்டு வாங்கட்டும். பாஷையும் வரும், பணிவும் வரும்!