கறுப்புக் கோட்டுக்கு எந்த பஸ்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், கேரள-தமிழ்நாடு எல்லைப் பக்கத்து வாசகர்கள் சினிமாவையும் அரசியலையும் ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே எழுதுகிறார்கள். இந்த முறை அம்பூரி, வெள்ளறடை, பாறசாலை பக்கமிருந்து வந்ததெல்லாம் சட்டப் படிப்பைப் பற்றிய கேள்விகள். அதனால் இந்த இதழ் முழுக்க வக்கீல் இதழ்.

கே: ரப்பர் பால் வெட்டித்தான் பிழைக்கிறேன். மகள் வக்கீலுக்குப் படிக்கணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நல்ல கல்லூரியாகவும் இருக்கணும், காசும் கம்மியாக ஆகணும். நடக்கிற காரியமா? (ஒரு தகப்பன், அம்பூரி)

ப: நடக்கும், அண்ணாச்சி. மகளை அந்த ஒற்றைக் காலிலேயே நிற்கச் சொல்லுங்கள்.

திருவனந்தபுரம் பார்ட்டன் ஹில்லில் இருக்கிறது அரசு சட்டக் கல்லூரி. 1875-ல் தொடங்கியது. தனியார் கல்லூரிகளின் ஆண்டுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால், அங்கே கட்டுவது மிகச் சிறிய தொகை. உயர்தரமா என்று கேட்டால் இரண்டு பெண்களின் பெயரைச் சொல்கிறேன். முதலாமவர் அன்னா சாண்டி. அங்கே படித்து, 1937-ல் திருவிதாங்கூரில் முன்சீப் ஆனார். 1959-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் பெண் அவர்தான். இரண்டாமவர் பாத்திமா பீவி. அதே கல்லூரியில் படித்து, 1950-ல் கொல்லத்தில் வழக்காடத் தொடங்கி, 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பிறகு தமிழ்நாட்டுக்கு ஆளுநராகவும் வந்தார். உங்கள் மகளிடம் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள். இன்னும் உறுதியாக நிற்பாள்.

வழி இதுதான். கேரள நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்தும் சட்ட நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு, டிகிரி முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. இரண்டுக்கும் தனித்தனித் தேர்வு. திருவனந்தபுரம், எர்ணாகுளம், திருச்சூர், கோழிக்கோடு என நான்கு அரசுக் கல்லூரிகள். அங்கே இடம் தவறினால் வீட்டுக்குப் பக்கத்தில், பாறசாலை செறுவாரக்கோணத்தில் சி.எஸ்.ஐ. சட்டக் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரி என்றதும் பயந்துவிடாதீர்கள். அரசோடு சீட்டைப் பகிர்ந்துகொள்ளும் தனியார் சட்டக் கல்லூரிகளில் மெரிட் சீட்டும் உண்டு, மேனேஜ்மெண்ட் சீட்டும் உண்டு. மெரிட் சீட்டு அதே ரேங்க் பட்டியலிலிருந்து நிரப்பப்படுகிறது, கட்டணமும் குறைவு. ஆக, அந்த ஒரு தேர்வை நன்றாக எழுதினால் இரண்டு கதவு திறக்கும். எழுதாவிட்டால் மேனேஜ்மெண்ட் சீட்டு ஒன்றுதான் மிஞ்சும். அதற்கு நீங்கள் வெட்டும் பால் போதாது.

கே: தேசியச் சட்டப் பல்கலையில் படித்தால்தான் மதிப்பு, மற்றதெல்லாம் வீண் என்கிறான் மாமா மகன். (பாறசாலை)

ப: மாமா மகன் பாதி சரி. பெங்களூரில் 1988-ல் முதல் அணியைச் சேர்த்த தேசியச் சட்டப் பள்ளி, இந்தியச் சட்டக் கல்வியையே புரட்டிப் போட்டது. அதைக் கட்டியெழுப்பிய மாதவ மேனன் நம் திருவனந்தபுரத்துக்காரர்தான். அந்த வழியில் வந்தவைதான் களமசேரியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலையும் திருச்சியில் உள்ளதும். ஆசிரியர், நூலகம், பெரிய நிறுவன வேலை எல்லாம் அங்கே உண்டு. ஆனால் பல இடங்களில் கட்டணமும் விடுதியுமாக ஆண்டுக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஐந்தாண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

இந்தப் பல்கலைகளுக்கான கிளாட் நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வந்து உதவித்தொகையும் கிடைத்தால், இரண்டாவது யோசனையே வேண்டாம், போகட்டும். ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் ஊர்ப்புறத்துப் பிள்ளைகளையும் இந்தப் பல்கலைகளுக்குள் கொண்டுபோவதற்காகவே 2010-ல் ஐ.டி.ஐ.ஏ. என்ற அமைப்பைத் தொடங்கினார் பேராசிரியர் ஷம்நாத் பஷீர். பயிற்சி கொடுத்து, சேர்ந்த பிறகும் கைபிடித்து நடத்துகிறார்கள். அவர் 2019-ல் மறைந்துவிட்டார், வேலை நிற்கவில்லை. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

கடன் வாங்கித்தான் சேர வேண்டும் என்றால் மட்டும் ஒன்று சொல்வேன். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வழக்காட ஆசைப்படும் பிள்ளைக்குப் பத்து லட்சம் கடன் தேவையில்லை. அந்தக் கடன் அவனை நெய்யாற்றின்கரைக்கு வரவிடாது. கடனை அடைப்பதற்காகவே மும்பையில் உட்காரவைத்துவிடும்.

கே: என் தம்பி நன்றாக வாய் பேசுவான். வக்கீலுக்குச் சரியாக வருவானா? (வெள்ளறடை)

ப: அடுத்தவர் பேசும்போது குறுக்கே விழாமல் கேட்பானா? அப்படியானால் வருவான்.

கே: வாரக் கடைசியில் மட்டும் வந்தால் போதும், அட்டெண்டன்ஸ் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வெளி மாநிலக் கல்லூரியில் எல்.எல்.பி. வாங்கித் தருகிறோம் என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். சேரலாமா? (பனச்சமூடு)

ப: கூடாது. தபால் வழி எல்.எல்.பி.க்கு இந்தியாவில் அங்கீகாரமே கிடையாது. பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதிகளின்படி வகுப்புகள் காலை எட்டுக்கும் மாலை ஏழுக்கும் இடையில் நடக்க வேண்டும். 70 சதவீத வருகை வேண்டும். வேறொரு ரெகுலர் டிகிரியைச் சேர்த்துப் படிக்கவும் விடுவதில்லை. காசு போவது ஒரு பக்கம். நாளை ஒருவர் தன் வீட்டுப் பத்திரத்தையும் குடியிருக்கும் இடத்தையும் உங்கள் கையில் நம்பிக் கொடுப்பார். படிக்காமல் அதை எப்படி வாங்குவீர்கள்? 2021-ல் ஆலப்புழையில், சட்டப் பட்டமே இல்லாத ஒருவர் கோர்ட்டில் வழக்காடி, பார் அசோசியேஷன் பொறுப்புக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிறகு அம்பலமானார். அவரை நம்பி வழக்குக் கொடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

கே: கல்லூரியை நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேரலாம் என்றிருக்கிறோம். எதைப் பார்க்க வேண்டும்? கட்டடம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. (ஒரு தாய், நெய்யாற்றின்கரை)

ப: கட்டடத்தை விட்டுவிடுங்கள், அம்மா. அட்மிஷன் நாளில் போகவும் வேண்டாம். அன்றைக்கு எல்லாக் கல்லூரியும் கல்யாண வீடு. சாதாரண ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். எத்தனை வகுப்பில் ஆசிரியர் நின்று பாடம் எடுக்கிறார், எத்தனை வகுப்பு காலியாகக் கிடக்கிறது என்பது ஒரு வராந்தா நடையில் தெரிந்துவிடும்.

அடுத்து நூலகம். அலமாரியைப் பார்த்து மயங்க வேண்டாம், புத்தகம் எடுத்துப் போகும் பதிவேட்டைப் பாருங்கள். கடைசியாகக் கையெழுத்து விழுந்தது நேற்றா, போன வருஷமா? தீர்ப்புத் தொகுப்புகள் இந்த ஆண்டுவரை வந்திருக்கின்றனவா?

மூன்றாவதுதான் முக்கியம். கடைசி ஆண்டு மாணவி ஒருத்தியைத் தனியே கூப்பிட்டு, "மக்களே, நீ கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்த வழக்கு எது?" என்று கேளுங்கள். இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு என்று இரண்டு விசாரணைகளையாவது நேரில் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. மூட் கோர்ட் என்னும் மாதிரி நீதிமன்றம், வழக்கறிஞர் அலுவலகப் பயிற்சி எல்லாம் கட்டாயம். ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரம் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். நல்ல கல்லூரி என்றால் அந்தப் பெண் சாட்சி எப்படித் தடுமாறினார், எதிர்த்தரப்பு வக்கீல் எங்கே மடக்கினார் என்று கை ஆட்டிச் சொல்வாள். மோசமான கல்லூரி என்றால், சீனியர் எழுதிய குறிப்பேட்டைப் பார்த்து எழுதினேன் என்று தயங்கித் தயங்கிச் சொல்வாள். அவள் பாவம், அவள்மேல் குறையில்லை. நீங்கள் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.

கோர்ட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் கணக்கில் வையுங்கள். பார்ட்டன் ஹில்லிலிருந்து வஞ்சியூர் கோர்ட் பக்கம்தான். பாறசாலையில் படித்தால் நெய்யாற்றின்கரை கோர்ட் பக்கம். ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் ஏ.சி. வகுப்பறையோடு நிற்கும் கல்லூரியில் படிக்கும் பிள்ளை, நீதிபதியை முதன்முதலில் பார்ப்பதே பட்டம் வாங்கிய பிறகுதான்.

கே: நான் தமிழ் மீடியம். கேரளாவில் படித்தால் மலையாளம் இடிக்குமோ? திருநெல்வேலிக்குப் போய்விடலாமா? (களியக்காவிளைக்கு இந்தப் பக்கம்)

ப: திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி 1996-லிருந்து நடக்கிறது, நல்ல தேர்வுதான். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆனால் உங்கள் இருப்பிடம் கேரளம் என்றால் அங்கே இட ஒதுக்கீடு கிடைக்காது; பொதுப் பிரிவில்தான் போட்டி. மதிப்பெண் மிக உயரமாக இருந்தால் முயலுங்கள்.

மொழியை நினைத்துப் பின்வாங்காதீர்கள், தம்பி. பாடப் புத்தகமும் தீர்ப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்; அதை முதல் ஆண்டிலேயே உழைத்துப் பிடிக்க வேண்டும். மலையாளம் உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது. தமிழும் தெரிந்த வக்கீல் எல்லைக் கோர்ட்டில் எவ்வளவு தேவை என்பது, ஒரு பாட்டி சாட்சிக் கூண்டில் ஏறி இரண்டு மொழியையும் கலந்து பேசும்போது தெரியும். பள்ளியாடியில் பிறந்த நேசமணி திருவனந்தபுரத்தில் சட்டம் படித்தவர்தான். நாகர்கோவில் கோர்ட்டில் சில வக்கீல்களுக்கு நாற்காலி, சிலருக்கு முக்காலி என்றிருந்ததைப் பார்த்து முக்காலியைக் காலால் எட்டி உதைத்தார் என்று இன்றும் சொல்வார்கள். 1956-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு முன்நின்றவர் அந்த வக்கீல்தான்.

கே: மகன் மார்த்தாண்டத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்தான், ரேஷன் கார்டு அம்பூரியில். கேரள மாணவன் என்று ஒத்துக்கொள்வார்களா? (அம்பூரி)

ப: நம் பகுதியில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. பிரசவம் தாய்வீட்டில், படிப்பு அப்பா வீட்டில். பிறப்புச் சான்றைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நீங்களோ உங்கள் மனைவியோ கேரளத்தில் பிறந்ததைக் காட்டும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், அல்லது வில்லேஜ் ஆபீசரின் நேட்டிவிட்டி சான்றிதழ் கைகொடுக்கும். வருமானச் சான்றையும், பிற்பட்ட வகுப்பு என்றால் கிரீமிலேயரில் வரவில்லை என்ற சான்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு வில்லேஜ் ஆபீசில் வரிசை வாசலைத் தாண்டும், இப்போதே போங்கள். பட்டியல் வகுப்பு, பழங்குடிப் பிள்ளைகளுக்கும் பிற்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கும் கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் கல்வி உதவி இருக்கிறது. நெய்யாறு அணைக்கு அக்கரையிலிருந்து வந்து படிக்கும் காணிப் பழங்குடிப் பிள்ளைகளின் வீட்டுக்கு இந்தத் தகவலை யாராவது கொண்டுபோய்ச் சேர்த்தால் பெரிய உபகாரம்.

கே: புத்தகச் செலவு? (ஒரு மாணவி)

ப: பாதியை சீனியர்களிடம் பழைய விலைக்கு வாங்கலாம், கவனத்தோடு. ஒப்பந்தச் சட்டம் 1872-ம் ஆண்டுடையது, சொத்து மாற்றுச் சட்டம் 1882-ம் ஆண்டுடையது. பழைய புத்தகம் இன்றும் உதவும். கிரிமினல் சட்டத்துக்கு மட்டும் பழையதை நம்பிவிடாதே, மகளே. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய சட்டங்கள் வந்துவிட்டன. 302 கொலை, 420 மோசடி என்பதெல்லாம் இப்போது எண் மாறிக் கிடக்கின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023-லிருந்து இ-எஸ்.சி.ஆர். தளத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

கே: பத்தாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போனேன். இப்போது மறுபடி படித்து பிளஸ் டூ முடித்துவிட்டேன். வக்கீல் கனவு காணலாமா? (கூட்டப்பூ)

ப: காசர்கோட்டில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு பீடி சுற்றிய சுரேந்திரன் பட்டேல், பிறகு மீண்டும் படித்து, கோழிக்கோடு அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாசில் நீதிபதியாகப் பதவியேற்றார். சட்டம் படிக்க, பொதுப் பிரிவுக்கு பிளஸ் டூவில் குறைந்தது 45 சதவீதம் வேண்டும், பிற்பட்டோருக்கு 42, பட்டியல் வகுப்புக்கும் பழங்குடிக்கும் 40. அதைத் தாண்டியிருக்கிறீர்களா? விண்ணப்பம் போடுங்கள்.

கே: படித்து முடித்தபின் பார் கவுன்சிலில் பதிவு செய்யவே பெரும் பணம் ஆகும் என்று பயமுறுத்துகிறார்கள். (முதலில் கேட்ட அதே தகப்பன்)

ப: ஆகிக்கொண்டிருந்தது. பதினைந்தாயிரம், இருபதாயிரம், அதற்கு மேலும் வாங்கிய மாநிலங்கள் உண்டு. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வழக்கறிஞர் சட்டத்தில் சொன்ன தொகைக்கு மேல் வாங்கக் கூடாது: பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் வகுப்புக்கும் பழங்குடிக்கும் 125 ரூபாய். முத்திரைக் கட்டணம் மட்டும் தனி. பிறகு அகில இந்திய பார் தேர்வை எழுதித் தேற வேண்டும்.

அதற்குப் பிறகான இரண்டு மூன்று ஆண்டுகள்தான் கஷ்டம், அண்ணாச்சி. ஜூனியருக்குப் பல அலுவலகங்களில் பஸ் காசுதான் கிடைக்கிறது. நகரத்தில் மாதம் 20,000, கிராமத்தில் 15,000 ரூபாயாவது கொடுங்கள் என்று 2024 அக்டோபரில் பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. கட்டாயம் இல்லை, பரிந்துரைதான். அதனால் மகள் சீனியரைத் தேடிப் போகும்போது, எவ்வளவு தருவீர்கள் என்று முதல் நாளே கேட்கட்டும். கட்சிக்காரருக்காக வாதாடப் போகிறவள், தனக்காகக் கேட்டுப் பழகட்டும். கன்று நட்டு ஏழாண்டு காத்திருந்து பால் எடுத்த கை உங்களுடையது. அந்த இரண்டு மூன்று ஆண்டுக்கும் நீங்கள் துணை நிற்பீர்கள் என்று அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.