ஓட்டை போடுகிறவர்

காபி குடித்து முடித்ததும் சக்யூலன்ட் சார் டம்ளரைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பார். காபி எப்படி என்று கேட்டால், "அடி கொஞ்சம் கனம். இருந்தாலும் ஓட்டை போட்டுடலாம்" என்பார்.

சக்யூலன்ட் சார் என்றால் எங்கள் குடியிருப்பில் கூரியர் பையனுக்கே தெரியும். காலிம்போங் நர்சரியிலிருந்து மண்ணில்லாமல், காகிதத்தில் சுற்றி எச்சிவேரியாக்கள் வரும். அழகுதான், மறுக்கவில்லை, ரோஜாப்பூவுக்கு விபூதி பூசினாற்போல இருக்கும். ஆனால் அவற்றை வைக்கத் தொட்டி வாங்கமாட்டார். கைப்பிடி போன பீங்கான் கோப்பை, கேஸ்கெட் செத்த குக்கர், பேரனின் ஒற்றை ஷூ, எல்லாவற்றிலும் உயிருள்ள அலங்காரம். இட்லித் தட்டில் பிறவியிலேயே ஓட்டை இருப்பதை அவர் கவனித்த நாளில் ஸ்வீட் வாங்கி வந்தார்.

ஓட்டை போடுவதே தனி வைபவம். பீங்கானைக் கவிழ்த்து, டேப் ஒட்டி, டைமண்ட் பிட்டைச் சாய்வாக வைத்துத் தொடங்குவார். நாம் பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். சூடேறினால் விரிசல் விடுமாம். ஞாயிறு மதியம், சாப்பிட்டுக் கண் சொக்கும் நேரம்தான் இதற்கு உகந்த முகூர்த்தம். டிரில் சத்தத்தை மீறிப் பாடம் வேறு நடக்கும்: "இலையிலயே தண்ணி சேத்து வெச்சுக்கும் சார். பகல்ல துவாரத்தை மூடிட்டு ராத்திரிதான் திறக்கும். அடியில தண்ணி தேங்குச்சு, வேர் அழுகிடும்." எல்லாம் உண்மைதான். அதற்கு என் தூக்கம் என்ன பாவம் செய்தது?

என் மாமியார் ஒருநாள் கேட்டார்: "நிலைவாசல்ல சோத்துக்கத்தாழையைத் தலைகீழாக் கட்டினா மண்ணும் தண்ணியும் இல்லாம மாசக்கணக்கா உயிரோட தொங்குமே. அதுக்கு எங்கப்பா ஓட்டை போட்டோம்?"

"அது திருஷ்டிக்கு மாமி. இது டிசைன்."

எங்கள் பால்கனிப் பிரண்டையும் சக்யூலன்ட்தான் என்று கண்டுபிடித்து, அதை வளையமாகச் சுற்றிக் கதவில் மாட்டித் தருவதாகச் சொன்னார். மாமியார் அன்றே துவையல் அரைத்துவிட்டார்.

இதுவரை சிரித்தாயிற்று. கல்சட்டி விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது மாமியாரின் அம்மா பழக்கிய சட்டி. கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்து, எண்ணெய் தடவி, மெள்ள மெள்ளச் சூட்டுக்குப் பழக்கி, பிறகு இத்தனை வருஷம் குழம்பு கண்டு கறுத்த சட்டி. நாங்கள் ஊருக்குப் போகும்போது சாவியை அவரிடம் கொடுத்திருந்தோம். மாக்கல் மென்மையானது, டேப்கூடத் தேவைப்பட்டிராது. திரும்பி வந்தபோது கூடத்தில் கூழாங்கல் பரப்பி, நடுவில் ஹவார்த்தியா நட்டு, ரிப்பன் கட்டி வைத்திருந்தார். அன்பளிப்பாம். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். "சும்மா பரண்ல கிடந்ததுன்னு நெனச்சேன்" என்றார். சட்டி இருந்தது அடுப்பு மேடையில்.

மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வத்தக்குழம்பு இப்போது எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கிறது. போன வாரம் சாப்பிட வந்தவர் இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன மாமி, பழைய ருசி இல்லையே?"