எதிர் ஜன்னல் கோட்பாடு: பொள்ளாச்சி–வால்பாறைப் பேருந்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மலைப்பாதையில் போகும் பேருந்தில் பார்க்கத் தகுந்த காட்சி எதுவாயினும் நாம் உட்கார்ந்திருக்கும் பக்கம் வராது, எதிர்ப்பக்க ஜன்னலில்தான் வரும் என்பது பயணியரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. இது உண்மையா, வெறும் வயிற்றெரிச்சலா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மலை யாரையும் வஞ்சிக்கவில்லை, கோளாறெல்லாம் ஜன்னல் பங்கீட்டில்தான் என்பது இங்கே நிறுவப்படுகிறது. கூடுதல் செலவில்லாமல் மலை முழுவதையும் பார்ப்பதற்கான தேற்றம் ஒன்றும் இலவச இணைப்பாகத் தரப்படுகிறது.

1. ஆய்வுக் களம்

இவ்வகை ஆய்வுக்குத் தமிழ்நாட்டில் களத்துக்குப் பஞ்சமில்லை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு 20. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற 14. நாம் தேர்ந்துகொண்டது பொள்ளாச்சி–வால்பாறைச் சாலை: ஏறத்தாழ 65 கிலோமீட்டர், 40 வளைவுகள். கொல்லிமலையில் குறிப்பெடுக்க ஆய்வாளரின் வயிறு ஒத்துழைப்பதில்லை. குன்னூர்ப் பாதையிலோ தரவு போதாது. நாற்பது என்பது அறிவியலுக்கும் குடலுக்கும் இடையே எட்டப்பட்ட சமரசம்.

தவிர, இங்கே வளைவுதோறும் 9/40, 10/40 என்று பலகை நட்டிருக்கிறார்கள். பக்க எண் போட்டுக் கொடுத்த மலை ஆய்வாளருக்குக் கிடைப்பது அரிது.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறுவரை சமவெளி, தென்னந்தோப்பு. தென்னை இருபக்கமும் சமமாக நிற்பதால் இப்பகுதியில் ஜன்னல் தகராறு எழுவதில்லை. அணையையும் வனத்துறைச் சோதனைச்சாவடியையும் குரங்கு அருவியையும் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. ஒன்பதாம் வளைவில், இச்சாலைப் பணியை மேற்பார்த்த லோம் என்பவரின் பெயர் தாங்கிய காட்சிமுனை. அங்கிருந்து பார்த்தால் கீழே ஆழியாறு நீர்த்தேக்கமும், நாம் ஏறிவந்த சாலையும் தெரியும். அதன்பின் அட்டகட்டி, வாட்டர்ஃபால் எஸ்டேட், மூடுபனிக்குப் பேர்போன கவர்க்கல், அய்யர்பாடி, ரொட்டிக்கடை. முடிவில் ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் வால்பாறை.

2. துண்டுரிமைச் சட்டம்

காட்சிப் பங்கீட்டின் வேர் மலையில் இல்லை, பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்தில் இருக்கிறது. வண்டி பின்னோக்கி வந்து நிற்பதற்கு முன்பே அதன் ஜன்னல்கள் வழியாகத் துண்டு, மஞ்சப்பை, குடை, செய்தித்தாள் ஆகியவை உள்ளே பாய்கின்றன. நிலத்துக்குப் பட்டா எப்படியோ, சீட்டுக்குத் துண்டு அப்படி. எழுதப்படாத சட்டமானாலும் எழுதிய சட்டங்கள் பலவற்றைவிட இதற்கு மதிப்பு அதிகம். படியேறி முதலில் வந்தவர்கூடத் துண்டைக் கண்டதும் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுகிறார்.

இச்சட்டத்தில் இன்னும் தீர்ப்பாகாத சிக்கல் ஒன்று உண்டு. ஒரு துண்டு எத்தனை சீட்டுக்குச் செல்லும்? களத்தில் கேட்ட வழக்கு பின்வருமாறு:

“ஏனுங், இது மூணு பேர் சீட்டு. துண்டு ஒண்ணுதானுங்களே கெடக்குது?”

“நல்லா பாருங்க. விரிச்சுப் போட்டிருக்கறனுங்க.”

வாதி ஒரு கணம் துண்டின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். ஈரோட்டுத் துண்டு, அகலக் கரை, ஜன்னல் ஓரத்திலிருந்து நடைவழிவரை மடிப்பில்லாமல் கிடந்தது. வழக்கு தள்ளுபடி.

ஒரு பக்கம் மூவர், மறுபக்கம் இருவர் என்று இருக்கை போட்ட பேருந்தில் ஒரு வரிசைக்கு ஐந்து பேர், ஜன்னல் ஓரம் இரண்டு. ஆக, மலையே தொடங்காத நிலையில் ஐந்தில் மூவர் காட்சி இழந்தோர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். எதிர் ஜன்னல் நம்பிக்கையைப் பெரும்பாலும் பரப்புவோர் இவர்களே.

3. வடிவியல் நிரூபணம்

ஒரு சரிவில் சாலை குறுக்கும் நெடுக்குமாக ஏறும்போது, ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. கொண்டை ஊசி வளைவில் வண்டி முழுதாகத் திரும்பி எதிர்த்திசையில் செல்லும். ஆகவே அதுவரை இடப்பக்கம் இருந்த பள்ளத்தாக்கு வலப்பக்கத்துக்கு மாறும். அடுத்த வளைவில் மீண்டும் இடப்பக்கம். 40 வளைவுகள் சாலையை 41 துண்டுகளாக வெட்டுகின்றன. கோட்பாட்டளவில் ஒரு பக்கத்துக்கு 21 துண்டு, மறுபக்கத்துக்கு 20.

நடைமுறையில் துண்டுகள் ஒரே நீளமாக இருப்பதில்லை. சாலை இடையிடையே மலை மடிப்புகளுக்குள் புகுந்தும் வருகிறது. இருந்தாலும் இவ்வளவு நியாயமான பங்கீட்டை அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில்கூடக் காண முடியாது. 21, 20 என்ற அந்த ஒரு துண்டு வித்தியாசத்தை வைத்து மலைமேல் வழக்குத் தொடர முடியும் என்று எமக்குத் தோன்றவில்லை.

முதல் துண்டில் பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் என்ற தகவலைப் பொது அமைதி கருதி இங்கே வெளியிடவில்லை.

4. ஜன்னலோரப் பயணியர் வகைப்பாடு

பங்கீடு இவ்வளவு சரியாக இருந்தும் குறை ஏன் ஓயவில்லை? ஜன்னல் கிடைத்தவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பார்த்தபோது விடை கிடைத்தது. இவர்கள் நான்கு வகையினர்.

துயில்வோர்: ஆழியாற்றுக்கு முன்பே கண் மூடி, வால்பாறையில் “வந்துருச்சா?” என்று எழுவோர். ஜன்னல் கம்பியில் தலை மோதுவதுகூட இவர்களை எழுப்புவதில்லை. ஜன்னலை இவர்கள் விரும்புவது சாய்ந்துகொள்ளத்தான்.

பதிவோர்: மலையைக் கைப்பேசித் திரையில் மட்டும் காண்போர். இவர்கள் எடுக்கும் காணொளியில் பெரும்பகுதி கண்ணாடியில் பிரதிபலிக்கும் அவர்களுடைய சட்டைதான்.

அடைப்போர்: குளிர்காற்று வந்ததும் கண்ணாடியை இழுத்துவிடுவோர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும். பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து டிகிரிக்குள் அடங்கிவிடும். அந்த ஐந்து டிகிரிக்காக மஃப்ளர், ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய் ஆகிய மூன்றும் வெளிவருகின்றன. மூச்சுக்காற்றில் கண்ணாடி வெளுத்து, பின்பு அதில் குழந்தைகள் விரலால் பெயர் எழுதுகின்றன.

காண்போர்: உண்மையிலேயே வெளியே பார்ப்போர். மிக அருகிய இனம். இவர்களால் விளையும் சிக்கலைத் தனியே ஆராய வேண்டியிருக்கிறது.

5. “அங்க பாரு” சிக்கல்

காண்போர் எதையேனும் கண்டால் தாம் மட்டும் கண்டு மகிழ்வதில்லை, பிறருக்கு அறிவிக்கிறார்கள். ஒன்பதாம் வளைவை ஒட்டிய பாறைகளில் வரையாடு மேய்வதைக் காணலாம். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. குட்டையான கொம்பு, மண்ணும் சாம்பலும் கலந்த நிறம், செங்குத்துப் பாறையில் வீட்டுத் திண்ணையில் நிற்பதுபோல நிற்கும். களத்தில் பதிவான உரையாடல்:

“அம்மணி, அங்க பாரு! வரையாடு!”

“எங்கீங்?”

“அதா, அந்தப் பாறை மேல!”

“எந்தப் பாறைங்?”

“போயிருச்சு.”

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் வண்டி ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடக்கிறது. கூவல் காதில் விழ, தலை திரும்ப, எந்தப் பாறை என்று தெளிய மூன்று நொடி என்று வைத்துக்கொண்டாலும் வண்டி பதினாறு மீட்டருக்கு மேல் போய்விட்டது. அதற்குள் இடையில் ஒரு மரம் வந்துவிடும். வரையாடு எங்கும் ஓடவில்லை. அம்மணிதான் அதைக் கடந்து போய்விட்டார். எதிர் ஜன்னல் நம்பிக்கை ஊன்றுவது இந்த மூன்று நொடிக்குள்தான்: தாம் காணாததை எல்லாம் மனிதமனம் எதிர்ப்பக்கத்துக் கணக்கில் எழுதிவிடுகிறது.

6. உட்செவியின் தலையீடு

துண்டுரிமையை ரத்துசெய்யும் வல்லமை ஒரே ஒரு வாக்கியத்துக்கு உண்டு: “வாந்தி வர்ற மாதிரி இருக்கு.” இதைச் சொன்னவருக்கு ஜன்னலோரம் உடனடியாக ஒப்படைக்கப்படும். மேல்முறையீடு கிடையாது.

இந்தக் குமட்டலின் காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றினுள் இருக்கும் திரவம் அசைவதைக் கொண்டே தலை திரும்புவதை மூளை அறிகிறது. வளைவுக்கு வளைவு “திரும்புகிறோம், திரும்புகிறோம்” என்று காது சொல்கிறது. முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ “எதுவும் அசையவில்லை” என்று சாதிக்கிறது. இரு சாட்சிகள் முரண்பட்டால் மூளை வயிற்றைத் தண்டிக்கிறது. தொலைவில் அசையாத ஒன்றைப் பார்த்தால் கண்ணும் காதும் ஓரளவு ஒத்துப்போகும். எனவேதான் முன்சீட்டும் ஜன்னலும் மருந்து. டிரைவருக்கு இத்தொல்லை அநேகமாக வராததற்கும் இதுவே காரணம். அடுத்த திருப்பம் எப்போது என்று அவருக்கு முன்பே தெரியும், ஏனெனில் திருப்புவதே அவர்தான்.

கொடுமை என்னவென்றால், இவ்வுரிமையால் ஜன்னல் பெற்றவர் மலையைப் பார்ப்பதில்லை. கண்ணை இறுக மூடி, மூக்கருகில் எலுமிச்சம்பழமும் வாயில் இஞ்சிமரப்பாவுமாக இருக்கிறார். காட்சி தேவைப்படாதவருக்கே காட்சியின் வாசல் சட்டப்படி சொந்தமாகிறது.

பக்கத்தில் இருப்பவர் படும் பாடு தனி. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவை 15 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்போது, 60 கிலோ எடையுள்ள ஒருவர் பத்துக் கிலோவுக்கும் சற்று மேற்பட்ட விசையோடு வெளிப்புறம் சாய்கிறார். மூவர் சீட்டில் ஜன்னலோரத்தவர் வெளிப்புறமாக அமைந்துவிட்டால், இரண்டு அயலாரின் சாய்வும் அவர்மேல் சேர்ந்து விழும். ஜன்னலுக்கு அவர் செலுத்தும் வாடகை இது. அடுத்த வளைவு எதிர்ப்புறமாகத் திரும்பும்போது வட்டியோடு திருப்பித் தருகிறார்.

7. துணை விளைவுகள்

ஏறஏறக் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவதால் காது அடைக்கிறது, பேச்சுச் சத்தம் கூடுகிறது, பொள்ளாச்சியில் தளர்ந்திருந்த சிப்ஸ் பாக்கெட் தலையணைபோல உப்புகிறது. வால்பாறையில் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இறங்கியதும் குடிக்கும் டீ ருசிப்பதற்குக் காரணம் இதுவா, அல்லது வண்டி நின்றுவிட்டது என்ற நிம்மதியா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

8. தேற்றம்

ஏறும்போது இடப்பக்கம் உட்கார்ந்தவர் இறங்கும்போது வலப்பக்கம் உட்காருவதே உலக வழக்கு. “போறப்ப அந்தப் பக்கம் பாத்தாச்சு, வர்றப்ப இந்தப் பக்கம் பாப்போம்” என்பது அவர் கணக்கு. இது முழுப் பிழை.

நிரூபணம்: இறங்கும்போது வண்டியின் முகம் எதிர்த்திசையில் இருக்கிறது. ஆகவே ஏறும்போது இடப்பக்கம் தெரிந்த பள்ளத்தாக்கு இறங்கும்போது வலப்பக்கம் தெரியும். பக்கம் மாறி உட்கார்ந்தவர் பார்த்த பாதியையே இரண்டாம் முறை பார்த்து, பார்க்காத பாதியை இரண்டு முறை தவறவிடுகிறார். அதே பக்கத்தில் உட்கார்ந்தவரோ சாலையின் இருபுறத்தையும் ஒரு முறை முழுமையாகப் பார்த்துவிடுகிறார். இந்நிரூபணத்துக்கு 40 என்ற எண்கூடத் தேவையில்லை. போன வழியே திரும்பும் எந்தச் சாலைக்கும் பொருந்தும்.

இறங்குபவருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. இருவண்டி போக இடமில்லாத மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஓரம்கட்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஏறும்போது கிடைக்காத நின்ற காட்சி இறங்கும்போது இலவசம்.

9. பரிந்துரைகளும் ஒரு மறுப்புரையும்

இத்தேற்றத்தைப் பேருந்து நிலையங்களில் நேரப் பலகைக்குப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். துயில்வோர்க்கும் அடைப்போர்க்கும் நடைவழிச் சீட்டு ஒதுக்க வேண்டும். காண்போர் வரையாட்டைக் கண்டால் மூன்று நொடி முன்பாகவே அறிவிக்கப் பயிற்சி பெற வேண்டும்.

கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் துறை வல்லுநர் ஒருவரின் மதிப்பீட்டைப் பெறுவது மரபு. இவ்வழித்தடக் கண்டக்டர் ஒருவரிடம் தேற்றம் விளக்கப்பட்டது. டிக்கெட் கிழித்துக்கொண்டே முழுதும் கேட்டார். காதிடுக்கில் இருந்த பேனாவை எடுத்துத் தம் தாளில் ஏதோ குறித்தார். நிரூபணத்தில் பிழை கண்டுபிடித்துவிட்டாரோ என்று அஞ்சினோம். ஸ்டேஜ் எண் எழுதினாராம். பிறகு சொன்னார்:

“கணக்கெல்லாஞ் சரிங்க. ஆனா, ரெண்டு தடவையும் ஜன்னலோரம் கெடைக்கோணுமில்லீங்?”

இம்மறுப்புக்கு எம்மிடம் தற்போது பதில் இல்லை. அடுத்தகட்ட ஆய்வு இதைப் பற்றியதே. அதற்கு வேண்டிய நிதியுதவி: நீளமான ஈரோட்டுத் துண்டு, இரண்டு.