பட்டா மாறிய நுரை

ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் மனைவி லிவியா 86 வயது வரை கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். பூசினம் என்ற ஒயினைத் தவிர வேறெதையும் அவள் தொட்டதில்லை, ஆயுளுக்கே அதுதான் காரணம் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். புருஷனுக்கு மட்டும் விஷம் தடவிய அத்திப்பழம் கொடுத்தாள் என்றொரு வதந்தி உண்டு. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

பூசினம் விளைந்தது ட்ரியெஸ்தே பக்கம், கடலோரப் பாறைக்குன்றில். அங்கே புரொசெக்கோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது; அதே பெயரில் இத்தாலியின் நுரை ஒயினும் உண்டு. போதாதா? மகாராணி குடித்ததே எங்கள் சரக்குதான் என்று ஸ்தலபுராணம் கிளம்பிவிட்டது. பூசினம் நுரைத்ததா என்று பிளினி சொல்லவில்லை. ஸ்தலபுராணத்தில் இதையெல்லாம் கேட்கக்கூடாது.

இத்தாலியில் நிஜமான நுரை வர 1865 ஆயிற்று. கார்லோ கான்சியா என்பவர் பிரான்சின் ரெய்ம்ஸுக்குப் போய் ஷாம்பெய்ன் வித்தையைக் கற்றுக்கொண்டு, கனெல்லியில் மொஸ்காட்டோ திராட்சையில் காட்டினார். ஒயினை பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் தடவை புளிக்கவைக்க வேண்டும். உள்ளே கார் டயரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம். பிறகு பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்கு இறக்க வேண்டும். குழந்தையைத் தூங்கவைப்பது இதைவிட சுலபம்.

ஆஸ்தி என்ற ஊரில் இருந்த ஃபெதெரிகோ மார்ட்டினோட்டி யோசித்தார். குழம்பை யாராவது கிண்ணம் கிண்ணமாகக் கொதிக்கவைப்பார்களா? அண்டாவில் வை! பெரிய மூடிய தொட்டியில் மொத்தமாகப் புளிக்கவைத்து, 1895-ல் காப்புரிமையும் வாங்கினார். 1907-ல் பிரெஞ்சுக்காரர் யூஜின் ஷார்மா அந்தத் தொட்டியைச் சீர்செய்தார். உலகம் அதை ‘ஷார்மா முறை’ என்கிறது. நுங்கு சீவியவர் ஒருவர், தின்றவர் இன்னொருவர்.

கடைசியாக ஏமாந்தது, இந்தத் தொட்டிமுறையில் புரொசெக்கோ ஒயினாக நுரைக்கும் திராட்சை. அதன் பெயரே புரொசெக்கோதான். ஆனால் திராட்சையின் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவிலும் நட்டு, அதே பெயரில் விற்கத் தொடங்கியிருந்தார்கள். ஊர்ப்பெயருக்கென்றால் சட்டத்தில் பட்டா உண்டு. எனவே 2009-ல் இத்தாலி, எல்லைக்கோட்டை இழுத்து ட்ரியெஸ்தே பக்கத்து அந்தச் சின்ன ஊரையும் வளைத்துப் போட்டது. பெயரை ஊருக்கு எழுதிவைத்துவிட்டு, திராட்சையை ‘கிளேரா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பாவம், அதை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உசத்தி புரொசெக்கோ விளையும் கொனெலியானோ, வால்தொப்பியாதெனே குன்றுகளை 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. புரொசெக்கோ என்ற ஊர் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.