பத்தாயிரத்தில் ஒன்று

கேள்வி: புதுத் தடுப்பூசி வந்தால் உடனே போட வேண்டுமா? நாலு பேர் போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாமே?

பதில்: நாலு பேரா? பத்தாயிரம் பேரே போதாமல் போன கதை உண்டு!

1998-ல் அமெரிக்காவில் ரோட்டாஷீல்டு வந்தது. கைக்குழந்தைகளை வாட்டும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு எதிரான சொட்டு மருந்து. அனுமதிக்கு முன் சுமார் 10,000 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். லட்சக்கணக்கானோருக்குப் போன பிறகுதான் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது) என்ற ஆபத்து உறுதியானது: ஏறத்தாழ 10,000-க்கு ஒரு குழந்தை. 1999-லேயே மருந்து திரும்பப் பெறப்பட்டது.

அமெரிக்காவுக்கு அது சரியான கணக்கு. இந்த நோயால் அங்கே ஆண்டுக்குச் சில பத்துக் குழந்தைகளே இறந்தன. உலகம் முழுவதும் இறந்தவையோ நான்கு லட்சத்துக்கும் மேல்; பெரும்பாலும் சலைன் ஏற்ற ஆஸ்பத்திரி எட்டாத ஏழை ஊர்களில். அந்தத் தாய்மார்களுக்குத் தராசு மறுபக்கம் சாய்ந்திருக்கும். அவர்களைக் கேட்டவர் யார்? அந்த அரிய ஆபத்தைக் கண்டுபிடிக்க, அடுத்து வந்த இரு மருந்துகளும் தலா 60,000-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டன. முடிவுகள் வெளியாக 2006 ஆகிவிட்டது. காத்திருந்த காலத்திலும் நோய் விடுமுறை எடுக்கவில்லை.

இந்தியாவின் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தான ரோட்டாவாக்கின் சோதனையில் டெல்லி, புனே, வேலூரைச் சேர்ந்த 6,799 குழந்தைகள் பங்கேற்றனர். 2016-ல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது.

ஆகவே கேட்க வேண்டியவை: எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? நம் ஊரில் அந்த நோய் எவ்வளவு? சொட்டு கொடுத்த பின் குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுதாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ, அது குடல் செருகலாக இருக்கலாம்; அன்றே டாக்டரிடம் தூக்கிச் செல்லுங்கள்.